சமைத்துப் பார்

தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்னும் அறிவிப்பு 1911-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புதுதில்லி 1931-இல் திறந்து வைக்கப்பட்டது. அரசு அலுவலகங்களில் பணிபுரிய வந்த தமிழ்க் குடும்பங்கள் பல கரோல் பாக்கில் குடியேறின. பிள்ளைகள் படிக்கப் பள்ளி அமைந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இன்றும் அருகிலுள்ள பூசா சாலையில் இயங்குகிறது. காப்பித் தூளும் அப்பளமும் விற்கும் கடைகளும் வந்தன. தாயும் பாட்டியும் மட்டும் எல்லா வீடுகளுக்கும் உடன் வர இயலவில்லை.

சமையல் என்பது அடுப்பருகே நின்று கற்கும் கலையாகவே நெடுங்காலம் இருந்தது. “உப்பு எவ்வளவு?” என்று கேட்டால், “கண்ணளவு” என்பதே விடை. அருகில் நின்று பார்ப்பவளுக்கு அந்த விடை போதும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கடிதம் எழுதிக் கேட்பவளுக்கு அது போதாது.

இத்தகைய குறையை நீக்கிய நூல்களுள் பெரும்புகழ் பெற்றது எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’. 1905-இல் பிறந்த அவர் இளமையிலேயே கணவரை இழந்தார். குடும்பப் பொறுப்பு அவர்மீது விழுந்தது. சமையலில் தேர்ந்த அவரிடம் உறவினர் பலர் குறிப்புகள் கேட்டு வந்தனர். அவற்றை ஒரு நூலாக எழுதுமாறு ஊக்குவித்தவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். முதற்பாகம் 1951-இல் வெளிவந்தது. மேலும் இரண்டு பாகங்கள் தொடர்ந்தன. ‘குக் அண்ட் சீ’ என ஆங்கிலத்திலும், பிற இந்திய மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது. மணமாகி வெளியூர் செல்லும் பெண்ணின் பெட்டியில் புடவைகளோடு இந்நூலையும் வைத்து அனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டாயிற்று.

முழுவதும் சைவ உணவுகளைக் கூறும் இந்நூல், தமிழ்நாட்டின் எல்லா அடுக்களைகளையும் காட்டுவதன்று. அது தமிழ்ப் பிராமண இல்லங்களின் சமையல் மரபைச் சார்ந்தது. நெல்லையின் சொதியையும், கொங்கு நாட்டின் அரிசியும் பருப்பும் சேர்த்துச் சமைக்கும் சோற்றையும் விரும்புவோர் வேறு நூல்களையும் நாட வேண்டும். ஒரே நூலில் தமிழர் உணவு முழுவதும் அடங்கிவிடாது.

ஒரு சமையல் நூல் நல்லதா என்று எவ்வாறு அறிவது? வீட்டில் நன்கு தெரிந்த ஓர் உணவின் குறிப்பை முதலில் படித்துப் பார்க்கலாம். ரசம் ஒன்றே போதும். ரசத்தை நெடுநேரம் தளதளவெனக் கொதிக்க விடச் சொல்லும் நூலை ஐயத்துடன் நோக்கலாம். புளியின் பச்சை வாசனை போனபின் பருப்புநீர் விட்டு, நுரை கூடி வரும்போது இறக்கச் சொல்லும் நூலோ சமைத்துப் பார்த்தவர் எழுதியது. பொன்னிறம், கம்பிப் பதம், பச்சை வாசனை போன்ற சொற்கள் கண்ணும் கையும் மூக்கும் கண்டறிந்தவற்றைக் குறிக்கின்றன. இச்சொற்களை அறியாதவர்க்கு அளவு மட்டும் தெரிந்து பயனில்லை.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறையினர் படி, ஆழாக்கு, பலம் என அளந்தனர். எட்டு ஆழாக்கு ஒரு படி. இன்று கரோல் பாக்கின் அடுக்குமாடி வீடுகளில் ஆழாக்கைத் தேடினால் கிடைப்பது அரிது. அதனால் சமையல் நின்றுவிடாது. இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்றால், எந்தக் குவளையால் அளந்தாலும் விகிதம் மாறாது. இரண்டையும் ஒரே குவளையால் அளக்க வேண்டும்; அவ்வளவே.

ஆயினும் நூல் அறியாத செய்தி ஒன்றுண்டு; அது வாசகர் வாழும் ஊர். சென்னையில் இரவு அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கும். தில்லியில் சனவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கும். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாகவே செயற்படும். நூலில் கூறியபடி எல்லாம் செய்தும் இட்லி கல்லாகிவிட்டதே என்று வருந்துவோர் தம்மையும் நூலையும் நொந்துகொள்ள வேண்டியதில்லை. மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, மேலும் அரைநாளோ ஒரு நாளோ காத்திருந்தால் மாவு பொங்கும். தில்லித் தமிழ் வீடுகள் பலவற்றில் சமையல் நூலின் ஓரத்தில் இத்தகைய குறிப்புகள் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். துவரம்பருப்புக்கு எதிரே ‘அர்ஹர்’ என்றும், பெருங்காயத்துக்கு எதிரே ‘ஹீங்’ என்றும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய பெயர்களும் இருக்கும்.

அருஞ்சொற்பொருள்: அடுக்களை – சமையலறை, பதம் – பக்குவம், விகிதம் – பங்கு அளவு, மந்தம் – வேகக்குறைவு.

பயிற்சி
1. ‘கண்ணளவு’ என்னும் விடை யாருக்குப் போதும்? யாருக்குப் போதாது? ஏன்?
2. ஆழாக்கு இல்லாத வீட்டில் பழைய குறிப்பைக் கொண்டு எவ்வாறு சமைக்கலாம்?
3. உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் சமைக்கும்போது உடனிருங்கள். அவர் கண்ணளவாக இடும் பொருள்களை, இடுவதற்கு முன் ஒரே குவளையாலும் கரண்டியாலும் அளந்து, அந்த உணவின் குறிப்பைத் தமிழில் எழுதுக.