விசைப்பலகையும் நோயாளியின் அறையும்

சிந்தாதிரிப்பேட்டையின் பழைய வீடுகளில் நோயாளிக்கெனத் தனி அறை ஒதுக்குவது பலருக்கும் இயலாத செயல். கட்டிலை ஒட்டிய மேசையில் பிள்ளைகள் கணினியில் அலுவல் பார்க்கின்றனர். மருந்துப் பெட்டியும் அதன்மீதே இருக்கிறது. எங்களிடம் கீமோதெரபி பெற்றுவரும் ஓர் அம்மையாரின் மகள் தம் அன்றாடப் பணிகளை ஒருமுறை விவரித்தார். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவார். தாயின் உடல் வெப்பநிலையைக் கணினியில் பதிவார். பின்னர் தாயின் கையிலுள்ள பிக் லைன் குழாயைத் தொடுவார். அம்மையார் காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வர நேர்ந்தது. விசைப்பலகைதான் அதற்குக் காரணம் என்று நாங்கள் கூற இயலாது. ஆயினும் கழுவிய கை இடையில் மீண்டும் மாசுபட்டது என்பதில் ஐயமில்லை.

அமெரிக்காவின் வட கரோலினாவில் மருத்துவமனைக் கணினிகளின் 25 விசைப்பலகைகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. அனைத்திலும் தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிகள் காணப்பட்டன. உடல்நலம் உள்ளோர்க்கு இவை பொதுவாகத் தீங்கு செய்வதில்லை; வெள்ளையணுக்கள் குறைந்தவர்க்கும் உடலில் குழாய் பொருத்தியவர்க்கும் அவ்வாறு சொல்வதற்கில்லை. அவ்வாய்வில் எங்களுக்கு வியப்பளித்த செய்தி வேறு: கிருமிநாசினி மட்டுமன்று, தூய நீரில் நனைத்த துணியால் துடைத்ததும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கிருமிகளை நீக்கியது. ஆகவே விலையுயர்ந்த திரவத்தைத் தேடி அலைவதைவிட, பொறுமையாகத் தேய்த்துத் துடைப்பதே முதன்மையானது.

முதலில் கணினியை அணைத்து, விசைப்பலகையின் இணைப்பைக் கழற்றுக. கம்பியற்றதாயின் பேட்டரியை எடுத்துவிடுக. பின்னர் அதனை நோயாளி இல்லாத இடத்துக்கு, இயன்றால் மொட்டை மாடிக்கு, எடுத்துச் சென்று தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டுக. மிக்சர்த் துணுக்கும் எறும்பும் உதிர்வது கண்டு வெட்க வேண்டா. எங்கள் மருத்துவர் அறையிலும் அதுவே நிலை. மென்மையான தூரிகையால் இடுக்குகளைத் துப்புரவு செய்க. ஆஸ்துமா உள்ளவர் இவ்வேலையைச் செய்யலாகாது.

அடுத்து, 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மென்துணியை நனைத்து, சொட்டாதவாறு பிழிந்து, விசைகளின் மேற்புறத்தைத் துடைத்து, தானே உலர விடுக. 99 விழுக்காடு இதனினும் சிறந்தது என எண்ணுவோர் பலர். அது விரைவில் ஆவியாகிவிடும், கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஓரளவு நீரும் தேவை. திரவத்தை விசைப்பலகை மீது நேரடியாகத் தெளித்தல் கூடாது. அடுப்பு, குத்துவிளக்கு, ஆக்சிஜன் சிலிண்டர் ஆகியவற்றின் அருகில் ஆல்கஹாலைத் திறக்கவே கூடாது. பிளீச்சிங் திரவத்தையும் கழிவறை அமிலத்தையும் கலப்பது நச்சு வாயுவை உண்டாக்கும். கைகளுக்கான சானிடைசர் ஜெல் விசைகளில் பிசுபிசுப்பை விடும். மடிக்கணினியின் விசைகளைப் பெயர்க்க முயலாதீர். மீண்டும் பொருத்துவது கடினம்.

சிகிச்சைக் காலத்தில் நாள்தோறும் ஒருமுறை துடைத்தல் நலம். அருகிலுள்ள ரிச்சி தெருவில் சிலிக்கான் உறைகள் கிடைக்கின்றன. அவற்றைத் தனியே கழற்றிச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தலாம். கைப்பேசிக்கும் இதே கவனம் வேண்டும். அது விசைப்பலகையைவிட அடிக்கடி கைமாறுகிறது.

எவ்வளவு துடைத்தாலும், கைகளைக் கழுவியபின் முதலில் தொட வேண்டியது குழாயையே. அம்மகள் இப்போது குழாய்ப் பணி முழுவதும் முடிந்த பின்னரே கணினியின்முன் அமர்கிறார்.