பைன் காட்டுக்குள் போகும்முன்

அன்பு மகள் இளவேனிலுக்கு,

பிரான்சின் போர்தோவில் அறை கிடைத்துவிட்டது, கல்லூரியும் தொடங்கிவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். விடுமுறையில் தோழிகளோடு லாந்த் காட்டுக்கும் கடற்கரைக்கும் போகிறாயாம். கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கம் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை எதுவும் படிக்காமல் போய், காலங்காலமாகத் தானே வளர்ந்த காடு என்று நம்பிப் பார்த்துவிட்டு வந்தேன். அது பிழை. நீ தெரிந்துகொண்டு போ.

போர்தோவிலிருந்து தெற்கே ரயிலில் போகும்போது சன்னலோரம் உட்கார். பைன் மரங்கள் வரிசை வரிசையாக, ஒரே வயதில், ஒரே உயரத்தில் ஓடும். வயலில் நாற்று நட்ட மாதிரி இருக்கும். உண்மையும் அதுதான். ஏறக்குறைய பத்து லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காட்டின் பெரும்பகுதி மனிதர் விதைத்தது. இருநூறு ஆண்டுக்கு முன்னால் அங்கே மரமில்லாத புதர்வெளிதான் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. மணலுக்கு அடியில், இரும்புத்தாது கலந்து கல்லாக இறுகிய ஓர் அடுக்கு உண்டு. மழைநீர் அதைத் தாண்டிக் கீழே இறங்காது. தரையோ தட்டை, நீர் ஓடி வடியவும் வழியில்லை. அதனால் குளிர்காலம் முழுக்கச் சேறு, கோடையில் வறட்சி.

அந்தச் சேற்றில்தான் ஆடு மேய்த்தார்கள், கொக்கலிக்கட்டையில் ஏறி நின்று. நம் ஊர்த் திருவிழாவில் ஆட்டத்துக்குக் கட்டுகிறார்களே, அதையே அங்கே தினசரி வேலைக்குக் கட்டினார்கள். நீரில் கால் நனையாது, முள் குத்தாது, தூரத்து ஆடும் கண்ணில் படும். ஒரு நீண்ட கழியைப் பின்னால் ஊன்றி அதன்மேல் சாய்ந்து, கம்பளி நூலில் காலுறை பின்னிக்கொண்டே மேய்ப்பார்கள். சில்வேன் தோர்னோன் என்பவர் 1891இல் பாரிஸிலிருந்து மாஸ்கோவரை கொக்கலிக்கட்டையிலேயே 58 நாளில் நடந்து போனார். ஆட்டை அவர்கள் வளர்த்தது முக்கியமாக எருவுக்காக. அந்த எரு விழுந்தால்தான் வெறும் மணலில் ரை தானியம் விளையும். மேய்ச்சல் நிலமோ ஊர்ப்பொது. யார் வீட்டு ஆடும் அங்கே போகலாம்.

கடலோரத்தில் வேறு தொல்லை. மேற்குக் காற்று மணலை உள்நாட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்தது. சுலாக் என்னும் ஊரில் ஒரு மாதாகோவில் பதினெட்டாம் நூற்றாண்டில் மணலில் புதைந்து, அடுத்த நூற்றாண்டில் தோண்டி எடுக்கப்பட்டது. 1780களில் பிரெமோந்தியே என்ற பொறியாளர் ஆர்கஷோன் பக்கத்தில் மணலைக் கட்டிப்போட முயன்றார். பைன் விதையோடு முட்புதர்ச் செடிகளின் விதையையும் கலந்து தூவி, மேலே வெட்டிய கிளைகளைப் பரப்பினார்கள். கிளை காற்றைத் தடுக்கும். புதர் முதலில் எழுந்து நிழல் தரும். அதன் மறைவில் பைன் கன்று வேர்பிடிக்கும். இந்த யோசனை முழுக்க அவருடையதல்ல, அவருக்கு முன்பே அங்கே சிலர் செய்து பார்த்தது. பெயர் மட்டும் அவருக்கு நின்றுவிட்டது.

பிறகு வந்தது 1857ஆம் ஆண்டுச் சட்டம். ஊர்ப்பொது நிலத்தில் வடிகால் வெட்டி மரம் வளர்த்தே ஆக வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் அரசு கட்டளையிட்டது. செலவுக்குப் பணமில்லாத ஊர்கள் நிலத்தை விற்றன. வாங்கியவர் வசதி படைத்தவர். மேய்ச்சல் போனதும் ஆடு போனது, எரு போனது, இடையர் வாழ்க்கையும் போனது. ஆத்திரத்தில் இளங்கன்றுகளுக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. வெற்றிக்கதையாக மட்டும் இதைச் சொல்லும் புத்தகங்களை நம்பிவிடாதே. சேறு வற்றியதும் செல்வம் வந்ததும் உண்மை. யாருடைய நிலத்தில் வந்தது என்பதையும் நீ கேட்க வேண்டும்.

அதைக் கேட்ட ஒருவர் அங்கேயே இருந்தார். லபுயேர் ஊர்க்காரர் ஃபெலிக்ஸ் ஆர்னோதேன், 1844இல் பிறந்தவர். புதர்வெளி கண்ணெதிரே மறைவதைக் கண்டு, கேமராவும் கண்ணாடித் தகடுகளுமாக அலைந்தார். இடையர்கள், கிணறுகள், ஆட்டுக்கொட்டில்கள் என ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார். கிழவிகளிடம் பாட்டும் கதையும் கேட்டு எழுதிவைத்தார். ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். அந்தப் பழைய நிலத்தின் முகம் நமக்குத் தெரிவது பெருமளவு அவரால்தான். போகும்முன் அவர் படங்கள் சிலவற்றையாவது பார்த்துவிடு.

சாப்ர் ஊரிலிருந்து ஒரு பழைய ரயில் மார்கேஸ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போகிறது. ஓக் மரங்களின் நடுவே புல்தரை, வேலியே இல்லாமல் அங்கங்கே மரச்சட்ட வீடுகள். அங்கே ஒரு வயதான பைன் மரத்தின் அடியில் நான் வெகுநேரம் நின்றேன். பட்டையில் ஆளுயரத்துக்கு மேலும் ஒரு நீண்ட தழும்பு. பிசின் எடுப்பவர் வளைந்த வாய்ச்சி போன்ற ஒரு கருவியால் சில நாளுக்கு ஒருமுறை அந்தக் காயத்தின் மேல்நுனியை மெல்லச் சீவிப் புதுப்பிப்பார். ஆழமாகச் சீவினால் மரத்துக்குக் கேடு, லேசாகச் சீவினால் பிசின் வராது. காயத்துக்குக் கீழே ஒரு தகடு, அதன் கீழே பூந்தொட்டி அளவில் ஒரு மண்சட்டி. சட்டி வருவதற்கு முன் மரத்தடியில் குழி தோண்டிப் பிடித்தார்களாம். பாதி மணலாகத்தான் சேரும். காய்ந்த பிசினில் ஒரு துளியை விரலில் தொட்டேன். சோப்புப் போட்டும் மாலைவரை ஒட்டிக்கொண்டே இருந்தது. அதை வடித்துத்தான் பெயின்டருக்கு டர்பன்டைன். மிஞ்சும் கட்டியைத்தான் வயலின் வில்லில் தேய்ப்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அமெரிக்காவிலிருந்து பிசின் வருவது நின்றபோது லாந்த்தில் விலை ஏறிப் பலர் பணக்காரர் ஆனார்கள். சீவியவர் ஆகவில்லை. 1990இல் அந்தத் தொழில் நின்றுபோனது.

கடற்கரையில் நிற்கும் பிலா மணற்குன்று ஐரோப்பாவிலேயே உயரமானது, நூறு மீட்டருக்கு மேல். உச்சியில் ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் காடு. குன்று ஆண்டுதோறும் சில மீட்டர் நகர்ந்து மரங்களை விழுங்குவதை அங்கிருந்தே பார்க்கலாம். 2022 ஜூலையில் அதன் அடிவாரத்தில் இருந்த சுற்றுலாக் கூடார முகாம்கள் எரிந்தன. அந்த மாதத்தில் லா தெஸ்த், லாந்திரா ஆகிய இரண்டு இடங்களில் பற்றிய தீ 20,000 ஹெக்டேருக்கு மேல் தின்றது. 1949 ஆகஸ்டில் இதே காட்டில் மூண்ட தீ 82 பேர் உயிரைக் குடித்தது. ஒரே இனமாக, ஒன்றையொன்று ஒட்டி, பிசின் நிறைந்து நிற்கும் மரங்கள்; ஒரு பொறி போதும். கோடையில் சில நாட்கள் காட்டுக்குள் நுழையவே தடை போடுவார்கள். அடம்பிடிக்காமல் திரும்பிவிடு.

கடலில் இறங்குவாய், எனக்குத் தெரியும். அந்தக் கரையில் மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே குளம்போல் அமைதியாக நீர் தேங்கும். பாயீன் என்பார்கள். பார்க்கக் குழந்தை விளையாடும் இடம்போல இருக்கும். ஓதம் மாறும் நேரத்தில் அந்த நீர் ஒரு வாய்வழியே கடலுக்குப் பாயும், ஆளையும் சேர்த்து இழுக்கும். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதே, களைத்துப்போவாய். மல்லாந்து மித, கையை உயர்த்திக் காட்டு, இழுப்பு தளர்ந்ததும் பக்கவாட்டில் விலகி வா. அதைவிட நல்லது, காவலர் கொடி நட்ட இடத்தில் மட்டும் இறங்குவது. இதில் மட்டும் பெரியப்பா சொல்வதைத் தட்டாதே.

செப்டம்பர் கடைசியில் போ. கூட்டம் குறைந்திருக்கும், மழை பெய்திருந்தால் பைன் அடியில் காளான் தேடும் ஊர்க்காரர்களைப் பார்க்கலாம். அவர்களிடம் போன்ழூர் சொல்லிவிட்டு, மெதுவாகப் பேச்சுக் கொடு. அவர்கள் தாத்தா பிசின் எடுத்தவரா, நிலம் வைத்திருந்தவரா என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா