சிசேரியனுக்குப் பின் வயிறு: 10 குறிப்புகள்

சிசேரியன் முடிந்த வார்டில் "காற்று பிரிந்ததா?" என்று நர்ஸ் கேட்பது குடல் விழித்ததா என்று அறியத்தான். வீட்டில் பத்தியம் பார்ப்பவர்களுக்கும் அந்தக் கேள்வி பழக வேண்டும்.

1. ஆபரேஷனுக்குப் பின் குடல் மந்தமாக இருப்பது இயல்பு. பெரும்பாலும் ஓரிரு நாளில் காற்று பிரியும். மூன்று, நான்கு நாளில் மலம் போகும்.

2. டாக்டர் அனுமதித்ததும் மெல்ல எழுந்து நடங்கள். படுத்தே கிடந்தால் வாயு தேங்கும். காலில் ரத்தம் உறையவும் கூடும்.

3. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சூயிங் கம் மெல்லலாம். சாப்பாடு வருகிறதென்று குடல் அசையத் தொடங்கும்.

4. "தண்ணீர் குடித்தால் புண் ஆறாது" என்று தாகத்தை அடக்க வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு தம்ளர் குடிக்கட்டும்.

5. காரைக்கால்மேட்டுச் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் இருக்கட்டும். கூடவே கீரை, பீர்க்கங்காய், கொய்யா, பப்பாளிப் பழம் சேருங்கள். சோறும் மீனும் மட்டுமானால் மலம் இறுகும்.

6. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகலாம், கறுக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், மலமிளக்கி சிரப் கேளுங்கள். தார் போல ஒட்டினால் உடனே காட்டுங்கள்.

7. முக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கு மணை போட்டு, தையல்மேல் மடித்த துண்டை அணைத்துக்கொள்ளுங்கள். தையல் விட்டுவிடுமோ என்று பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகும்.

8. வயிறு உப்பியிருக்கும்போது விளக்கெண்ணெய், எனிமா, இறுக்கமான வயிற்றுக்கட்டு எதுவும் வேண்டாம். அடைப்பு இருந்தால் ஆபத்து.

9. வயிறு மத்தளமாக உப்புவது, பச்சை வாந்தி, காய்ச்சல், படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வலி: இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். அரிதாக, அடைப்பே இல்லாமல் பெருங்குடல் ஊதிக்கொள்ளும். பெயர் ஓகில்வி நோய். கவனிக்காவிட்டால் குடல் ஓட்டையாகிவிடலாம். இந்த நோயில் காற்றும் மலமும் கொஞ்சம் போகக்கூடும். ஆகவே "காற்றுதான் பிரிகிறதே" என்று இருந்துவிடாதீர்கள்.

10. இந்த அறிகுறிகள் தெரிந்தால், திருநள்ளாறோ நெடுங்காடோ, இரவானாலும் 108-ஐ அழையுங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கோ காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கோ டிஸ்சார்ஜ் சீட்டோடு போங்கள். ஆபரேஷன் ஆன தேதி, கடைசியாகக் காற்று பிரிந்த நேரம் இரண்டையும் சொல்லுங்கள். தழும்பால் குடல் ஒட்டிக்கொண்டு, வருடங்கள் கழித்தும் அடைப்பு வரலாம். அன்றைக்கும் பழைய சிசேரியனைச் சொல்ல மறக்காதீர்கள்.