வேட்டியும் பச்சைப் பெல்ட்டும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

வேட்டி கட்டுவது ஒரு பாடமா என்று நண்பர்கள் நகைக்கலாம். சென்ற பொங்கல் விழாவில், கயிறு இழுக்கும் போட்டியின் நடுவே என் வேட்டி நழுவியதைக் கண்டவர்கள் இனி நகைக்கமாட்டார்கள். அன்றே வேண்டிய மட்டும் நகைத்துவிட்டார்கள். கால்சட்டைக்கு அணியும் மெல்லிய பெல்ட்டை வேட்டியின்மேல் இறுக்கிக்கொண்டு சென்றதே நான் செய்த பிழை.

அதைத் திருத்தியவர் என் தந்தையார். சிதம்பரத்தை அடுத்த சிற்றூரில் உழவு செய்பவர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர் இடுப்பில் எப்போதும் நான்கு விரல் அகலமுள்ள பச்சைப் பெல்ட் இருக்கும். "பெல்ட்டு வேட்டியத் தாங்காதுடா. வேட்டி தானா நிக்கணும். பெல்ட்டு காவலுக்குத்தான்" என்றார்.

நான்கு முழமாயினும் எட்டு முழமாயினும் முறை ஒன்றே. முதலில் பெல்ட் இல்லாமலே வேட்டியை இறுகச் சுற்றி, முனையைச் செருகி, மேல்விளிம்பை வெளிப்புறமாக ஒருமுறை சுருட்ட வேண்டும். பத்தடி நடந்து பார்க்க வேண்டும். நின்றால்தான் பெல்ட். அதை அந்தச் சுருளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்பின்மீது பூட்ட வேண்டும். துணி இறங்க முயன்றால் சுருள் பெல்ட்டில் தடுக்கி நிற்கும். இரு விரல் நுழையும் இறுக்கம் போதும். உண்டபின் ஒரு துளை தளர்த்தலாம். மடித்துக் கட்டும்போது முனைகளைப் பெல்ட்டுக்குள் திணிக்கக் கூடாது. எதிரே பெரியவர் வந்து, சட்டென்று இறக்கிவிட நேர்ந்தால் பெல்ட்டும் இடம் பெயர்ந்துவிடும்!

அகலம் ஏன்? துணியை நழுவாமல் காப்பது உராய்வு; அது அழுத்தும் விசையைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததன்று. ஆயினும் ஒரே இறுக்கத்தில் குறுகிய பெல்ட் வயிற்றை அறுக்கும், நாம் தளர்த்துவோம், உராய்வு குறையும். அகலப் பெல்ட்டில் அழுத்தம் பரவுவதால் தளர்த்தத் தேவையில்லை. வழுக்கும் பட்டு வேட்டிக்கு இது இன்னும் பொருந்தும். சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் வயிற்றின் மேற்புறம் காணும் உதரபந்தம் வேறு. அது அணியே, ஆடையைத் தாங்குவதன்று.

2014இல் சென்னைக் கிளப் ஒன்றில் வேட்டி அணிந்த உயர்நீதிமன்ற நீதிபதிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டே அத்தகைய தடைக்கு எதிராகத் தமிழக அரசு சட்டம் இயற்றியது. என்னைத் தடுக்க எந்தக் கிளப்பும் தேவைப்படவில்லை. முதலாண்டில் கட்டணம் செலுத்த வந்த தந்தையார், வரிசையில் நின்றபடி சட்டையைத் தூக்கி, பெல்ட்டுப் பையிலிருந்து வியர்வை படிந்த நோட்டுகளை எடுத்தபோது, நான் தூணுக்கு அப்பால் ஒதுங்கி நின்றேன். அவர் பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வாண்டு அவர் அருகிலேயே நின்றேன். ரசீதை என்னிடம் தராமல், நான்காக மடித்து அந்தப் பையிலேயே வைத்துக்கொண்டார்.