தூர தேசத்து விசுவாசிக்கு உதவ நினைக்கிறீர்களா?

எரிந்து கருகிய உடல்கள் கிடக்கும் படம் ஒன்று பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நைஜீரியாவில் கிறிஸ்தவர்களை உயிரோடு எரித்துவிட்டார்கள், உடனே ஜெபியுங்கள் என்று கூடவே ஒரு செய்தி வரும். உண்மையில் அது 2010 ஜூலையில் காங்கோவின் சாங்கே ஊரில் எரிபொருள் லாரி கவிழ்ந்து தீப்பிடித்த விபத்தின் படம். ஆகவே, வெளிநாடுகளில் விசுவாசத்துக்காக உபத்திரவப்படுகிறவர்களுக்கு உதவ விரும்புகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை, வந்ததை அப்படியே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடாமல் இருப்பது. படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். தேதி, ஊர், சொன்னவர் யார் என்ற மூன்றும் இல்லாத செய்தியை ஒதுக்குங்கள். நைஜீரியாவில் மெய்யாகவே நடக்கும் கொடுமைகளுக்குக் குறைவில்லை. 2018 பிப்ரவரியில் தாப்சி பள்ளியிலிருந்து கடத்தப்பட்ட மாணவிகளில் பெரும்பாலோர் அடுத்த மாதமே வீடு திரும்பினார்கள். கிறிஸ்துவை மறுதலிக்க மாட்டேன் என்ற லியா ஷரிபுவை மட்டும் தீவிரவாதிகள் விடவில்லை. பொய்ப் படங்கள் பெருகினால் இந்தப் பெண்ணின் செய்தியையும் நம்ப ஆள் இருக்காது.

அடுத்து, ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்கள் அதிகம் உபத்திரவப்படும் 50 நாடுகளின் பட்டியலை ஓப்பன் டோர்ஸ் அமைப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் வெளியிடுகிறது. ஐம்பதுக்கும் சேர்த்து ஜெபித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. பாகிஸ்தானையே பார்ப்போம். அங்கே 1986இல் சேர்க்கப்பட்ட 295-சி சட்டப்பிரிவின்படி, நபிகள் நாயகத்தை அவமதித்தது நிரூபணமானால் மரண தண்டனை. 2009 ஜூனில், பழம் பறிக்கும் வேலைக்குப் போன ஆசியா பீபி என்ற கிறிஸ்தவக் கூலிப்பெண், குடிதண்ணீர் பற்றி எழுந்த வாய்த்தகராறில் இந்தச் சட்டத்துக்குள் சிக்கினார். மறு ஆண்டு மரண தண்டனை விதித்தார்கள். அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலரே சுட்டுக்கொன்றார். மார்ச்சில், அதே சட்டத்தை எதிர்த்த கிறிஸ்தவ அமைச்சர் ஷாபாஸ் பட்டி கொல்லப்பட்டார். 2018 அக்டோபர் 31 அன்றுதான் உச்ச நீதிமன்றம் ஆசியாவை விடுவித்தது.

இதில் தசீர் முஸ்லிம். ஆசியாவுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய சைஃபுல் மலூக்கும் முஸ்லிம். அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களில் முஸ்லிம்களும் உண்டு, அகமதியா பிரிவினரும் உண்டு. இவ்வளவும் தெரிந்தவர், பக்கத்து வீட்டு பாயைப் பார்த்துச் சபையார் முறைக்கும்படி பேசமாட்டார். அப்படிப் பேசுவதால் லாகூர் சிறையில் இருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

ஜெபத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நவம்பர் தொடக்கத்து ஞாயிறுகளில் உலகமெங்கும் உபத்திரவப்படும் சபைக்கென ஒரு ஜெப நாள் அனுசரிக்கிறார்கள். உங்கள் பாஸ்டரிடம் சொல்லி வையுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: மறைவாகக் கூடி ஆராதிக்கிறவர்களின் பெயரையோ ஊரையோ மேடையில் சொல்ல வேண்டாம். இப்போது நம் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது; அவர்களைத் தேடுகிறவர்களும் அதைப் பார்க்கலாம்.

சிறையில் இருக்கும் விசுவாசிக்குக் கடிதம் எழுதுவது பழைய முறைதான், ஆனாலும் விட்டுவிடக் கூடாது. எரித்திரியாவில் 2002 முதல் மூன்று கிறிஸ்தவ சபைப் பிரிவுகளுக்கும் சுன்னி இஸ்லாமுக்கும் மட்டுமே அரசு அங்கீகாரம். மற்றவர்கள் கூடினால் கைது. அப்படி 2004இல் கைதாகி, சரக்குக் கன்டெய்னருக்குள் அடைக்கப்பட்ட நற்செய்திப் பாடகி ஹெலன் பெர்ஹானே 2006இல் வெளியே வந்தார். அவருடைய விடுதலைக்காக அம்னஸ்டி இன்டர்நேஷனல் குரல் கொடுத்துவந்தது. கடிதம் கைதியின் கைக்குப் போய்ச் சேராவிட்டாலும், இந்த ஆளை வெளியே யாரோ விசாரிக்கிறார்கள் என்று சிறை அதிகாரிக்குத் தெரிகிறது. கைதியோ குடும்பமோ விரும்பி வெளியிட்ட பெயருக்கு மட்டும் எழுதுங்கள். வாய்ஸ் ஆஃப் த மார்ட்டர்ஸ் போன்ற அமைப்புகள் இதற்கு வழி காட்டும். நாலைந்து வரி போதும். அந்த நாட்டு அரசையோ மதத்தையோ குறை சொல்லாதீர்கள், எந்த அமைப்பின் பெயரையும் எழுதாதீர்கள், பணம் வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து பாகிஸ்தான் சிறைக்கு எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. இந்திய முத்திரை குத்திய உறை அங்கே கைதியின்மேல் இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பும்.

வெளிநாட்டில் வாழும் தமிழர்களின் கையில் இதைவிடப் பெரிய கருவி இருக்கிறது. பாகிஸ்தானின் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் சுங்கச் சலுகை தருகிறது. தெய்வ நிந்தனை வழக்கில் 2014இல் மரண தண்டனை பெற்ற ஒரு கிறிஸ்தவத் தம்பதியைக் குறிப்பிட்டு, அந்தச் சலுகையை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஜூனில் லாகூர் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தீர்மானத்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வியாபாரம் பேசினால் அரசுகள் காது கொடுக்கும். பாரீசிலோ பெர்லினிலோ இருப்பவர்கள் தங்கள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதலாம். கனடாவில் ஒட்டாவா நாடாளுமன்ற முகவரிக்கு எம்.பி.க்கு அனுப்பும் கடிதத்துக்குத் தபால்தலைகூட வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரு வழக்கு, ஒரு கோரிக்கை என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணத்தில் கவனம் தேவை. இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால் வரிவிலக்கில் சிக்கல் வரும். ஆகவே சபைக் காணிக்கையை அனுப்புமுன் ஆடிட்டரைக் கேளுங்கள். தனி ஆள் அனுப்புவதானால் வங்கி வழியே, ரசீதோடு. ஹவாலா எனப்படும் உண்டியல் முறையில் அனுப்பினால் உங்களுக்கு மட்டுமல்ல, வாங்குகிறவருக்கும் ஆபத்து.

இலங்கை வாசகர்களுக்குத் தூரம் போகவேண்டிய அவசியமே இல்லை. பாகிஸ்தானிலிருந்து தப்பிவந்த கிறிஸ்தவரும் அகமதியரும் நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் தங்கியிருந்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, குண்டுவைத்தவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அவர்களில் நூற்றுக்கணக்கானோர் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை. புகலிடம் தேடி வந்தவர்கள் அங்கே சட்டப்படி வேலைக்குப் போக முடியாது. அப்படிப்பட்ட குடும்பம் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ விசாரியுங்கள். வாடகையா, மருந்தா, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆளா, எது தேவை என்று அவர்களிடமே கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள்.