பேச்சொலியின் பிறப்பும் கேள்வியும்

எழுத்ததிகாரம் பயிலத் தொடங்கிய நாளில் பிறப்பியலை யாம் மனப்பாடஞ் செய்தோமேயன்றி, எம் வாயை ஒருமுறையேனும் சோதித்துப் பார்த்தோமில்லை. உந்தியினின்றெழுந்த வளி தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்தொலியாகுமென்று தொல்காப்பியனார் கூறியது தேர்வுக்குரிய விடையாகவே எமக்கிருந்தது. எம் பாட்டியாருக்குச் செவி மந்தமான பின்னரே அவ்வியலை மீண்டும் எடுத்துப் பார்க்க நேர்ந்தது.

பாட்டியார் கூறுவது இது: கோயிலிற் பாட்டுக் கேட்கிறது, பிரசங்கம் விளங்கவில்லை. வீட்டார் இதனை நம்பினாரல்லர். கேட்க விரும்புவதைக் கேட்கிறார், விரும்பாததை விட்டுவிடுகிறார் என்று நகைத்தனர். யாமும் நகைத்தவருள் ஒருவரே. எம் அத்தை மகளார் கேள்வியியல் பயில்கின்றார். விடுமுறைக்கு வந்திருந்த அவர், "பாட்டி சொல்வது முற்றிலும் உண்மை" என்று கூறியபோது எமக்கு வெட்கமாயிற்று.

அவர் எடுத்துரைத்ததன் சாரம் வருமாறு. உயிரெழுத்துக்களின் வன்மை பெரும்பாலும் நொடிக்கு ஆயிரம் அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிகளில் அமைந்துள்ளது. சகரம், தகரம் முதலிய மெய்களை இன்னதென்று காட்டும் அடையாளங்களில் பெரும்பகுதியோ 2000 அதிர்வுக்கு மேற்பட்டது. அன்றியும் மிக மெலிந்தது. உட்செவியில் நத்தையோடு போற் சுருண்ட உறுப்பின் வாயிலருகே உயர்ந்த ஒலிகளும், உள்முனையருகே தாழ்ந்த ஒலிகளும் உணரப்படுகின்றன. முதுமையில் முதலிற் கெடுவது வாயிற்புறத்து மயிரணுக்களே. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே முதியவர் செவியில் உயிர் நிற்கிறது, மெய் உதிர்கின்றது! பாட்டில் உயிர் நீண்டொலித்தலானும், சொற்கள் நெடுநாட் பழக்கத்தானும் அது கேட்கின்றது. புதிதாய் வரும் பிரசங்கமோ மெய்யிழந்த சொற்றிரளாகி நிற்கின்றது. உரக்கக் கத்தினாலும் பயன் சிறிதே. ஏனெனில் கத்துவதால் பெரிதாவது உயிரொலியேயன்றி மெய்யொலியன்று.

இக்கலை நம்மூரிலேயே கற்பிக்கப்படுகின்றதென்பதை நம் மாணவருட் பலர் அறியார். 1823-இற் பிரெஞ்சுக்காரர் இங்கு நிறுவிய மருத்துவப் பள்ளியைத் தன் தொடக்கமாகக் கொண்ட ஜிப்மரில், கேள்வியியலும் பேச்சுமொழி நோயியலும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. இக்கலை பயில்வோர் செவியின் அமைப்போடு ஒலியியலையும் கற்கவேண்டும். ஓரொலியை வாய் எவ்வாறு ஆக்குகின்றது, அதனைச் செவியும் மூளையும் எவ்வாறு பிரித்தறிகின்றன என்னும் இரண்டும் அவர்க்குப் பாடமாம். முன்னதில் நமக்கும் பங்குண்டு. பின்னதைத் தொல்காப்பியனார் தொட்டிலர். அகத்தெழும் வளியின் அளவை அந்தணர் மறைக்கு விட்டு, புறத்தே இசைக்கும் ஒலியையே தாம் கூறியதாக அவரே எல்லையிட்டுக்கொண்டார். அப்புறத்தொலி பிறர் செவியிற் புக்கபின் யாதாயிற்றென்பது வேறொரு நூலுக்குரிய பொருள்.

அப்பொருள் எத்துணை வியப்புடையதென்பதற்குப் 'பம்பரம்' என்னும் சொல்லொன்றே போதும். முதற்பகரத்தில் இதழ் திறந்தபின், நொடியில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு கழித்தே குரல் எழுகின்றது. இடைப்பகரத்திலோ இதழ் மூடியிருக்கும்போதே குரல் உண்டு. இரண்டும் வெவ்வேறொலி, நமக்கு ஒரே எழுத்து. லிஸ்கர், ஆபிரம்சன் என்னும் இருவர் 1964-இற் பதினொரு மொழிகளில் இக்கால இடைவெளியை அளந்தனர். அவற்றுட் டமிழும் ஒன்று. ஆகவே கேட்டலென்பது ஒலியைப் பெறுதல் மாத்திரமன்று. தன் மொழி வகுத்தவாறு வகுத்துக்கொள்ளலுமாம். பிரெஞ்சுக்காரர் நம் உழவர்கரையை 'ஊல்காரெத்' என்றெழுதினர். ழகரம் அவர் மொழியில் இல்லை. செவி லகரத்தைக் கொடுத்தது. நாமும் குறைந்தோமல்லேம்: அவர்தம் 'லா' என்னும் குடும்பப் பெயரை இலாசுப்பேட்டையாக்கிவிட்டோம்.

இவ்வகுத்தல் குழவிப்பருவத்திலேயே உறுதிப்படுகின்றது. வெர்க்கர், டீஸ் என்போர் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு திங்களில் இந்திமொழியின் தகர டகர வேறுபாட்டை உணர்ந்தன. ஓராண்டு நிரம்பும்போது அவ்வுணர்வு பெரிதுங் குன்றிற்று. ஆதலாற் பிறவியிலேயே செவிகேளாக் குழவிக்கு ஒவ்வொரு திங்களும் இழப்பாகும். ஒரு திங்களுக்குள் செவிச் சோதனை, மூன்று திங்களுக்குள் குறையைத் துணிதல், ஆறு திங்களுக்குள் கருவி முதலிய உதவி என்று கேள்வியியலார் கணக்கிட்டிருப்பது இதுபற்றியே. பேசத் தாமதமாகிறதே என்று மூன்று வயதுவரை காத்திருக்கும் குடும்பங்களை நாமெல்லாம் அறிவோம்.

பாட்டியாரிடம் திரும்புவோம். அத்தை மகளார் ஒரு காகிதத்தாற் றம் வாயை மறைத்துக்கொண்டு, சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லுமாறு வேண்டினார். இது முறையான சோதனையன்று, வீட்டு விளையாட்டே; முறையான சோதனை ஒலிபுகா அறையில், அளவிட்ட ஒலியில் நிகழ்வதாம். "பத்து" என்றதற்குப் பாட்டியார் "பட்டு" என்றார். மூன்று முறையும் அவ்வாறே. பின்னர் காகிதத்தை நீக்கி, சாளரத்து வெளிச்சம் தம் முகத்திற் படுமாறு எதிரே அமர்ந்து, குரலைச் சற்றும் உயர்த்தாது, அதே சொல்லைச் சொன்னார். "பத்து" என்றார் பாட்டியார்.

தகரத்திற்கு நாநுனி பரந்து பல்லின் அடியைப் பொருந்துகின்றது. அது பிறர் கண்ணுக்குச் சிறிதேனுந் தெரியும். டகரத்திற்கு நா மேலே அண்ணத்தை நோக்கி மறைந்துவிடுகின்றது. நூற்பாவில் ஈராண்டு படித்த இவ்வேறுபாட்டை எம் பாட்டியார் படியாமலே கண்ணாற் கேட்டுக்கொண்டிருந்தார். யாமோ அடுக்களையினின்று முதுகைத் திருப்பிக்கொண்டு அவரை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தோம்.

சோதனைக்கு வருகின்ற திங்கட்கிழமை அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. "மெஷின் வைத்தால் பிரசங்கம் விளங்குமா?" என்று பாட்டியார் கேட்கின்றார். அத்தை மகளார் விளங்குமென்று உறுதி கூறவில்லை. சில திங்கள் பழகவேண்டுமென்றும், அதுவரை முன்வரிசையில் அமரலாமென்றும் சொல்லியிருக்கின்றார்.