முறைத் தண்ணீரும் பதிலுக்குப் பதிலும்

மேலூர், திருமங்கலம் வட்டாரங்களில் கண்மாய்ப் பாசனம் செய்யும் விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. வரத்துக்கால் தூர்வார ஆள் அனுப்புவதா, அடுத்தவர் செய்யட்டும் என்று இருந்துவிடுவதா? முறை முடிந்ததும் வாய்மடையை அடைப்பதா, இரவோடு இரவாக இன்னொரு வயலுக்கும் பாய்ச்சிக்கொள்வதா? ஒரு போகத்தை மட்டும் கணக்கிட்டால் ஏமாற்றுபவருக்கே லாபம். அவ்வாறிருந்தும் பல ஊர்களில் முறை தலைமுறைகளாக நிலைத்தது எப்படி?

இதற்கு ஒரு கணிப்பொறிப் போட்டி விளக்கம் தருகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆக்செல்ராட் 1980-ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டார். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, மற்றவருக்கு ஒன்றுமில்லை. அதே இருவர் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். முதற்போட்டிக்கு 14 உத்திகளும், அடுத்ததற்கு 62 உத்திகளும் வந்தன. இரண்டிலும் வென்றது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிக எளிய உத்தி: முதலில் ஒத்துழைக்க வேண்டும், பிறகு எதிராளி சென்ற முறை செய்ததையே செய்ய வேண்டும்.

அதிகப் புள்ளி பெற்ற உத்தி அடுத்த தலைமுறையில் பெருகும்படியும் அவர் கணக்கிட்டார். நல்ல மகசூல் தரும் விதை ஊரில் பரவுவது போன்றதே இது. தொடக்கத்தில் ஏமாற்றும் உத்தி ஒன்றும் பெருகியது. ஏமாறுகிறவர்கள் குறையக் குறைய, அதுவும் இரையின்றித் தேய்ந்து மறைந்தது.

ஆனால் பதிலுக்குப் பதிலில் ஒரு குறை உண்டு. நண்டு வளை வழியே தண்ணீர் கசிந்தாலும் திருட்டு என்றே தோன்றும். பதிலுக்கு வரப்பை வெட்டினால் பகை ஓயாது. தவறு நேரக்கூடிய இடத்தில் சிற்சில வேளை பொறுத்துப்போகும் உத்தியே மேல் என 1992-இல் நோவாக், சிக்மண்ட் ஆகியோர் காட்டினர். நம் கண்மாய்களில் இவ்வேலையை நீர்க்கட்டி செய்து வந்தார். எவர் வயலையும் சாராமல் மடையைக் கவனித்தவர் அவர். அவருக்கு அளந்த களத்து நெல்லை வீண்செலவு என்று நிறுத்திய ஊர்கள் கணக்கில் தவறிவிட்டன.

கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கு மடைத் தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆகவே முதலில் விலகுபவர் அவரே. கண்மாய் நிரம்பினால்தான் அவர் கிணற்றிலும் நீர் ஊறும் என்பதால், அவரிடமும் பராமரிப்புப் பங்கு கேட்பது நியாயம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே ஆயக்கட்டுதாரர்கள் கூடி முறைநாள், நீர்க்கட்டிக்குரிய கூலி, ஆள் அனுப்பாதவர் செலுத்த வேண்டிய தொகை ஆகியவற்றை எழுதி வைக்கலாம். அபராதம் சிறியதாக இருக்கட்டும். அதே வாரத்தில் வசூலித்து, அடுத்த முறைத் தண்ணீரை அவருக்கும் குறைவின்றி விட வேண்டும்.